பாட்காஸ்டில் சாப்டரும் படமும்: தருமபுரி, கிருஷ்ணகிரி நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவை

இந்தப் பக்கம் பாட்காஸ்ட் செய்கிறவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடி வருகிறார்கள். பட்டுப்புழு வளர்ப்பு, மாந்தோப்பு, நடுகல், தெருக்கூத்து என்று ஆளுக்கொரு விஷயம் பேசுகிறார்கள். ஒலிப்பதிவு பழகியதும் அடுத்துக் கேட்பது இதைத்தான்: பேச்சோடு சேர்ந்து படம் மாற வேண்டும், வேண்டிய இடத்துக்குத் தாவ முடிய வேண்டும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாய்ஸ் மெசேஜ் அனுப்புவதற்குப் பதில் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

சாப்டர் மார்க்கர்னா என்னங்க? ஆடியோவுல எப்படிப் படம் வரும்?

ஆடியோ கோப்புக்குள் ஒலி மட்டும் இருப்பதில்லை. தலைப்பு, பெயர், அட்டைப்படம் போன்ற விவரங்களை வைக்க எம்பி3 கோப்பின் தொடக்கத்தில் ஐடி3 என்று ஒரு பகுதி உண்டு. அதிலேயே "இந்த நேரத்தில் இந்தத் தலைப்பு தொடங்குகிறது, இந்தப் படத்தைக் காட்டு, இந்த இணைப்பைக் கொடு" என்றும் எழுதி வைக்கலாம். அப்படி எழுதிய ஒவ்வொரு குறிப்பும் ஒரு சாப்டர். நேரம் மில்லிவினாடிக் கணக்கில் இருக்கும்.

கேட்பவருடைய ஆப் இதைப் படித்து, சாப்டர்களைப் பட்டியலாகக் காட்டும். அந்தந்த நேரம் வந்ததும் அட்டைப்படத்தின் இடத்தில் சாப்டரின் படத்தைக் காட்டும். வீடியோ போல எதுவும் ஓடாது. இருக்கிற படம் போய் வேறு படம் வரும், அவ்வளவுதான்.

அதுக்கு யூடியூப்ல வீடியோவா போட்டுட்டுப் போயிடலாமே?

போடலாம், தப்பில்லை. ஆனால் உங்கள் நேயர் எப்போது கேட்கிறார் என்று பாருங்கள். புழு மனையில் மல்பெரி இலை போட்டுக்கொண்டே கேட்பவருக்கும், ஓசூர் கம்பெனி பஸ்ஸில் போகிறவருக்கும் திரை அணைந்திருந்தாலும் குரல் ஓட வேண்டும். யூடியூப் ஆப்பில் அதற்குக் காசு கட்டிய பிரீமியம் கணக்கு வேண்டும். பாட்காஸ்ட் ஆப்பில் அந்தச் சிக்கலே இல்லை.

டேட்டா கணக்கும் இருக்கிறது. பேச்சை மட்டும் 64 கேபிபிஎஸ் மோனோவில் (வினாடிக்கு 64 கிலோபிட், ஒற்றை ஒலித்தடம்) வைத்தால் நிமிடத்துக்கு அரை எம்பிகூட ஆகாது. 40 நிமிட எபிசோடு சுமார் 19 எம்பி. பத்துப் பதினைந்து படம் சேர்த்தாலும், படங்களை ஒழுங்காகச் சுருக்கியிருந்தால், 21 எம்பிக்குள் முடிந்துவிடும்.

நாற்பது நிமிடமும் கண் எடுக்காமல் பார்த்தாக வேண்டிய விஷயம் என்றால் வீடியோவே எடுங்கள். நான்கைந்து இடத்தில் மட்டும் "இது எப்படி இருக்கும்?" என்று கேட்பவருக்குத் தோன்றும் பேச்சுக்குத்தான் சாப்டர் படம்.

என் போன்ல படம் மாறுது, என் தங்கச்சி போன்ல மாறல. கோப்பு கெட்டுப்போச்சா?

கோப்பு நன்றாகத்தான் இருக்கும். ஆப்புக்கு ஆப் மாறும். ஆன்ட்ராய்டில் ஆன்டெனாபாட், ஐபோனில் ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ், ஓவர்காஸ்ட் ஆகியவை கோப்புக்குள் இருக்கும் சாப்டரையும் படத்தையும் காட்டும். ஸ்பாட்டிஃபை கோப்புக்குள் பார்க்காது. எபிசோடு விவரத்தில் நீங்கள் எழுதும் நேரங்களைத்தான் சாப்டராக எடுத்துக்கொள்ளும், படம் வராது. போனோடு வரும் பாட்டு கேட்கும் ஆப்கள் பெரும்பாலும் முதல் அட்டைப்படத்தோடு நின்றுவிடும்.

ஆகவே படம் ஒரு கூடுதல் வசதி என்று மட்டும் நினையுங்கள். நேயர்களில் ஒரு பகுதியினருக்கு அது வரவே வராது. பின்னால் வரும் பல பதில்களுக்கு இதுதான் அடிப்படை.

ஐடி3ங்கறாங்க, ஜேசன்ங்கறாங்க, விவரத்துல டைம் எழுதுங்கறாங்க. நான் எதைச் செய்யணும்?

மூன்றும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு ஆட்கள் கொண்டுவந்த வழிகள். 2005-இல் ஆப்பிள் தன் எம்4ஏ கோப்புகளில் படத்தோடு சாப்டர் வைக்கும் முறையைக் கொண்டுவந்தது. அதே ஆண்டு டிசம்பரில் எம்பி3-க்கான ஐடி3 சாப்டர் முறையும் எழுதப்பட்டது. எம்பி3 எல்லா இடத்திலும் ஓடும் என்பதால் இன்று அதையே பிடித்துக்கொள்வது நல்லது. எம்4ஏ-வில் சாப்டர் படம் எல்லா ஆன்ட்ராய்டு ஆப்பிலும் ஒழுங்காக வருவதில்லை.

ஜேசன் முறை 2020-இல் தொடங்கிய பாட்காஸ்டிங் 2.0 முயற்சியில் வந்தது. ஆடம் கரியும் டேவ் ஜோன்ஸும் தொடங்கியது அது. இதில் சாப்டர்கள் ஆடியோவுக்குள் இருக்காது. தனியாக ஒரு சின்ன எழுத்துக் கோப்பு இணையத்தில் இருக்கும். உங்கள் ஆர்எஸ்எஸ் ஓடை, அதாவது எபிசோடுகளின் பட்டியலை ஆப்களுக்குக் கொடுக்கும் கோப்பு, அதைச் சுட்டிக்காட்டும். படங்களும் இணைய முகவரிகளாகவே இருக்கும். ஆடியோவைத் தொடாமல் எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம் என்பது இதன் பெரிய லாபம். எபிசோடை மட்டும் இறக்கிவைத்துக்கொண்டு கிளம்பியவருக்குத் தொப்பூர் கணவாயில் சிக்னல் போனால் படமும் போகலாம் என்பது நஷ்டம்.

என் யோசனை: ஐடி3-ஐக் கட்டாயம் செய்யுங்கள். விவரத்தில் நேரங்களையும் எழுதுங்கள். இரண்டு நிமிட வேலைதான். எபிசோடுகளை ஏற்றிவைக்கும் உங்கள் ஹோஸ்டிங் சேவையில் ஜேசன் வசதி இருந்தால் மூன்றாவதாக அதையும் சேருங்கள். மூன்றிலும் நேரமும் தலைப்பும் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆப்புக்கு ஒரு பட்டியல் வந்து குழம்பும்.

விவரத்துல டைம் எழுதினேன், ஆனா சாப்டரா மாறலையே?

யூடியூபில் விதி தெளிவாக இருக்கிறது: முதல் நேரம் 00:00 ஆக இருக்க வேண்டும், குறைந்தது மூன்று நேரங்கள் ஏறுவரிசையில் வேண்டும், ஒவ்வொரு சாப்டரும் 10 வினாடியாவது ஓட வேண்டும். ஸ்பாட்டிஃபைக்கு நேரத்தை அடைப்புக்குறிக்குள் (00:00) என்று எழுதி, பக்கத்தில் தலைப்பு கொடுங்கள். இரண்டு இடத்திலும் நேரத்துக்கு 1, 2, 3 என்ற எண்களையே பயன்படுத்துங்கள். ௧, ௨, ௩ அழகாக இருக்கும், வேலை செய்யாது.

எந்த சாஃப்ட்வேர் அண்ணா? காசு கட்டணுமா?

கட்ட வேண்டியதில்லை. மேக் வைத்திருப்பவர்களுக்கு ஃபோர்காஸ்ட் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. சாப்டர், படம், இணைப்பு மூன்றையும் போட்டு எம்பி3 ஆக்கித் தரும். விண்டோஸ்காரர்கள் ஆடாசிட்டி என்ற இலவச ஒலித்தொகுப்பு மென்பொருளில் நேரங்களைக் குறித்துக்கொண்டு, ஆஃபோனிக் என்ற இணையச் சேவையில் ஏற்றலாம். மாதம் 2 மணி நேர ஒலி வரை இலவசம். சத்தத்தைச் சமன் செய்வதோடு சாப்டரையும் படத்தையும் உள்ளே வைத்துத் தரும். இலவசக் கணக்கில் அவர்களுடைய சிறு ஒலிக்குறி ஒன்று சேரும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எஃப்எஃப்எம்பெக் (கட்டளை அடித்து ஒலி, வீடியோ கோப்புகளை மாற்றும் மென்பொருள்) தெரிந்தவர்கள் ஒரு எழுத்துக் கோப்பில் தொடக்கம், முடிவு, தலைப்பு எழுதிக் கொடுத்தால் எம்பி3-இல் சாப்டர் ஏறிவிடும். ஆனால் அந்த வழியில் தலைப்பு மட்டும்தான் ஏறும், சாப்டருக்கு ஒரு படம் என்று வைக்க முடியாது. கட்டளை அடிப்பதில் ருசி உள்ளவர்களுக்கு மட்டும் சொல்கிறேன்.

டைமை எப்போ குறிக்கணும்? எடிட் பண்ணும்போதேவா?

வெட்டி ஒட்டி, இசை சேர்த்து, எல்லாம் முடிந்த பிறகு. நடுவில் ஓர் இருமலை வெட்டினால்கூட அதற்குப் பின்னால் உள்ள எல்லா நேரமும் நகர்ந்துவிடும். ஆடாசிட்டியில் கடைசிக் கோப்பை ஓடவிட்டு, இடம் வரும்போது கன்ட்ரோலும் எம்-மும் சேர்த்து அழுத்தினால் ஒரு லேபிள் விழும். அங்கேயே தலைப்பை எழுதலாம். பிறகு லேபிள்களை ஏற்றுமதி செய்தால் நேரமும் தலைப்பும் அடங்கிய எழுத்துக் கோப்பு கிடைக்கும். ஆஃபோனிக் அதை அப்படியே வாங்கிக்கொள்ளும்.

குறியை வாக்கியம் தொடங்குவதற்குச் சற்று முன்னால், மூச்சு இழுக்கும் இடத்தில் வையுங்கள். தாவி வருபவர் முதல் சொல்லைத் தவறவிடக் கூடாது. படமும் அப்படித்தான்: பேச்சு முடியும் இடத்தில் வந்து நின்றால் யாருக்கும் பயனில்லை.

ஒரு எபிசோடுக்கு எத்தனை சாப்டர், எத்தனை படம் வைக்கலாம்?

முறையில் வரம்பு ஒன்றும் உங்களைத் தடுக்காது. பொறுமைதான் வரம்பு. 40 நிமிடப் பேச்சுக்கு ஆறு முதல் பத்து சாப்டர் போதும். தலைப்பில்தான் கவனம் வேண்டும். "பகுதி 3" என்று எழுதினால் யாரும் தொட மாட்டார்கள். "மயிலாடும்பாறை இரும்புக்கு கி.மு. 2172 என்று காலம் கணித்தது எப்படி" என்று எழுதினால், அதைத் தேடி வந்தவர் நேரே அங்கே போவார். முன்னுரைக்கும் விளம்பரத்துக்கும்கூடத் தனி சாப்டர் கொடுங்கள். தாண்டிப் போகிறவர் போகட்டும். தாண்ட வழியில்லாதவர் எபிசோடையே மூடிவிடுவார்.

படம் வேறு கணக்கு. காதால் மட்டும் பிடிக்க முடியாத இடம் எது என்று பார்த்து அங்கே மட்டும் வையுங்கள். பட்டுப்புழு பேச்சில் பால் புழு நோய் வருகிறது என்றால், புழுவின் கணுக்கள் வீங்கித் தோல் பளபளப்பதை எவ்வளவு விளக்கினாலும் ஒரு படத்துக்கு ஈடாகாது. மா ரகங்களைப் பற்றிப் பேசினால் பெங்களூராவின் மூக்கையும் மல்கோவாவின் உருண்டையையும் அடுத்தடுத்துக் காட்டலாம். நடுகல் என்றால் முதலில் முழுக் கல், பிறகு வில்லும் வாளும் பிடித்த கை, பிறகு வட்டெழுத்து வரிகள். பேசுகிறவர் மைக் முன்னால் சிரிக்கும் படம் ஒரு தடவை போதும்.

ஒவ்வொரு படமும் அரை நிமிடமாவது நிற்கட்டும். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துத் திரையைத் திறக்கவே பத்து வினாடி ஆகும்.

படம் என்ன அளவுல இருக்கணும்? போன் கேமராவுல எடுத்ததை அப்படியே போட்டுட்டேன்.

அதனால்தான் உங்கள் எபிசோடு தொடங்க நேரம் எடுக்கிறது. ஐடி3 பகுதி கோப்பின் தலைப்பகுதியில் இருக்கிறது என்று முதல் பதிலில் சொன்னேன் அல்லவா? படங்கள் எல்லாம் அங்கேதான் உட்காருகின்றன. ஒரு படம் 4 எம்பி வீதம் 15 படம் என்றால் 60 எம்பி. அதைத் தாண்டித்தான் முதல் "வணக்கம்" வருகிறது.

சதுரமாக வெட்டி, 800 முதல் 1000 பிக்சலுக்குச் சுருக்கி, ஜேபெக் ஆகச் சேமியுங்கள். 100 கேபி அளவில் வந்துவிடும். நிறம் ஆர்ஜிபி முறையில் இருக்கட்டும். பிளக்ஸ் பேனர் கடையில் வாங்கிய படம் அச்சுக்கான சிஎம்ஒய்கே முறையில் இருக்கலாம். அது சில ஆப்களில் நிறம் மாறித் தெரியும். நிகழ்ச்சியின் பொது அட்டைப்படம் மட்டும் தனி: ஆப்பிள் அதற்கு 1400 முதல் 3000 பிக்சல் வரை சதுரமாகக் கேட்கிறது. அதைச் சாப்டர் படத்தோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

தமிழ்ல தலைப்பு போட்டா வெறும் கேள்விக்குறியா வருது, இல்லன்னா என்னமோ இங்கிலீஷ் எழுத்தா வருதுங்க.

இது நம் ஊர்க்காரர்களுக்கே உரிய தொல்லை. முதலில் தலைப்பை யார் தட்டச்சு செய்தார்கள் என்று பாருங்கள். டிடிபி சென்டரில் பாமினி எழுத்துருவில் அடித்து வாங்கியிருந்தால், அது அந்த எழுத்துரு இருக்கும் கணினியில் மட்டும்தான் தமிழ்; மற்ற இடமெல்லாம் ஆங்கில எழுத்துக் குவியல். எல்லாக் கருவியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாற்றியே ஆக வேண்டும். போனில் நேராகத் தமிழில் அடித்தால் அது யூனிகோடுதான்.

வெறும் கேள்விக்குறிகள் வந்தால், எழுத்துக் கோப்பைத் தமிழுக்கு இடமில்லாத பழைய ஆன்சி முறையில் சேமித்திருப்பீர்கள். நோட்பேடில் சேமிக்கும்போது யூடிஎஃப்-8 (யூனிகோடைச் சேமிக்கும் ஒரு முறை) என்று தேர்ந்தெடுங்கள். அதற்குப் பிறகும் கொக்கி வைத்த ஐரோப்பிய எழுத்துகள் வந்தால் சிக்கல் ஐடி3 பதிப்பில் இருக்கிறது. பதிப்பு 2.3-இல் தமிழை யூடிஎஃப்-16 ஆகத்தான் எழுத முடியும், 2.4-இல் யூடிஎஃப்-8-உம் உண்டு. 2.3 என்று சொல்லிவிட்டு யூடிஎஃப்-8-ஐத் திணிக்கும் மென்பொருளால் வரும் கோளாறு இது. மென்பொருள் அமைப்பில் பதிப்பை மாற்றிப் பாருங்கள், சரியாகிவிடும்.

படம் மட்டும் மாறணும், பட்டியல்ல தலைப்பு கூடிக்கிட்டே போகக் கூடாது. வழி இருக்கா?

இருக்கிறது. ஜேசன் முறையில் ஒவ்வொரு சாப்டருக்கும் "உள்ளடக்கப் பட்டியலில் காட்டாதே" என்று ஒரு குறி போடலாம். நடுகல்லுக்கு ஒரு தலைப்பும் மூன்று படங்களும் வேண்டுமென்றால் முதல் சாப்டரைக் காட்டி, அடுத்த இரண்டை மறைத்துவிடலாம். ஐடி3-இலும் சாப்டர்கள் தனி, பட்டியல் தனி. பட்டியலில் சேர்க்காத சாப்டர் மறைந்தே இருக்க வேண்டும். ஆனால் சில ஆப்கள் பட்டியலை மதிக்காமல் எல்லாவற்றையும் காட்டிவிடுகின்றன. அதனால் மறைக்கும் சாப்டருக்கும் "நடுகல்: எழுத்து வரிகள்" என்பது போல ஒழுங்கான தலைப்பைக் கொடுத்துவிடுங்கள்.

சாப்டரைத் தொட்டா நாலஞ்சு செகண்ட் தள்ளிப் போய் நிக்குது. நான் சரியாத்தான் குறிச்சேன்.

எம்பி3-ஐ மாறும் பிட்ரேட்டில், அதாவது விபிஆர் முறையில் சேமித்திருக்கிறீர்களா என்று பாருங்கள். அதில் ஒவ்வொரு நிமிடமும் ஒரே அளவு இடம் பிடிக்காது. ஆப் உத்தேசமாகக் கணக்குப் போட்டுத் தாவும். எபிசோடு நீள நீளப் பிழையும் வளரும். நிலையான பிட்ரேட்டில் மறுபடி ஏற்றுமதி செய்தால் தீர்ந்துவிடும்.

அது காரணமில்லை என்றால் விளம்பரம். கேட்பவரைப் பொறுத்து விளம்பரத்தை அவ்வப்போது செருகும் ஹோஸ்டிங்கில் 30 வினாடி உள்ளே நுழைந்தால் பின்னால் உள்ள எல்லா நேரமும் பிசகும். சில சேவைகள் சாப்டரையும் சேர்த்து நகர்த்துகின்றன, சில நகர்த்துவதில்லை. கேட்டுத் தெரிந்துகொண்டு சேருங்கள். விவரத்தில் நீங்கள் கையால் எழுதிய நேரத்தை யாரும் நகர்த்திக் கொடுக்க மாட்டார்கள்.

என் கம்ப்யூட்டர்ல சாப்டர் இருந்துச்சு. ஏத்தினதும் காணாமப் போச்சு!

சில இலவச ஹோஸ்டிங் சேவைகள் நீங்கள் ஏற்றிய கோப்பை மறுபடி சுருக்கித் தங்கள் வசதிக்கு மாற்றிக்கொள்கின்றன. அப்போது ஐடி3-இல் இருந்ததெல்லாம் உதிர்ந்துவிடும். கண்டுபிடிக்க எளிய வழி: வெளியிட்ட எபிசோடை ஓடையிலிருந்து இறக்கி, உங்களிடம் உள்ள கோப்போடு அளவை ஒப்பிடுங்கள். பைட் கணக்கு மாறியிருந்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள். அந்தச் சேவையில் சாப்டருக்கென்று தனிப் பெட்டி இருந்தால் அங்கே நிரப்புங்கள். இல்லையென்றால், உண்மையாகவே படம் முக்கியம் என்றால், சேவையை மாற்றுங்கள்.

ஏற்றும் முன்பே சோதிப்பது இன்னும் நல்லது. ஆன்டெனாபாடில் போனில் உள்ள கோப்புறை ஒன்றையே நிகழ்ச்சியாகச் சேர்க்கும் வசதி இருக்கிறது. கோப்பை அதில் போட்டுத் திறந்து பாருங்கள். அங்கே சாப்டர் வருகிறது, வெளியிட்ட பிறகு வரவில்லை என்றால் பழி எங்கே என்று தெரிந்துவிடும்.

வாட்ஸ்அப் குரூப்ல அனுப்பினா படம் வருமா?

வாட்ஸ்அப்புக்குள் கேட்டால் வராது. ஆடியோவாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்பினால் கோப்பு மாறாமல் போய்ச் சேரும். பெறுபவர் மேலே சொன்ன கோப்புறை வழியில் திறந்தால் படமும் தெரியும். ஆனால் குரூப்பில் எத்தனை பேர் அவ்வளவு மெனக்கெடுவார்கள்? ஓடையின் இணைப்பை அனுப்புவதே மேல்.

பழைய எபிசோடுகளுக்கு இப்போ சாப்டர் சேர்க்கலாமா? மறுபடி புதுசா வந்த மாதிரி காட்டிடுமா?

சேர்க்கலாம். ஜேசன் என்றால் பேச்சே இல்லை, அந்தக் கோப்பை மட்டும் திருத்தினால் போதும். ஐடி3 என்றால் ஆடியோவை மாற்றி ஏற்ற வேண்டும். அப்போது எபிசோடை அழித்துவிட்டுப் புதிதாகப் போடாதீர்கள். ஒவ்வொரு எபிசோடுக்கும் ஓடையில் ஜியூஐடி என்ற அடையாளக் குறி இருக்கிறது. அது மாறாமல், கோப்பை மட்டும் மாற்றும் வசதியைப் பயன்படுத்தினால் புது எபிசோடாகக் காட்டாது. முன்பே இறக்கி வைத்திருப்பவர்களுக்குப் பழைய கோப்புதான் இருக்கும்.

நடுகல் படமெல்லாம் நெட்ல கொட்டிக் கிடக்கு. எடுத்துக்கலாம்ல?

கல் பொதுச் சொத்தாக இருக்கலாம், படம் எடுத்தவருக்கு அந்தப் படத்தின் மீது உரிமை இருக்கிறது. விக்கிமீடியா பொதுவகத்தில் உள்ள பல படங்களைப் பெயரும் உரிமமும் குறிப்பிட்டுப் பயன்படுத்தலாம். சாப்டரில் இணைப்பு வைக்க இடம் இருப்பது இதற்கு வசதி: படத்தின் மூலப் பக்கத்தை அங்கே கொடுங்கள், பெயரை விவரத்தில் எழுதுங்கள். ஆனால் நீங்கள் இருப்பது தருமபுரி. பைக்கை எடுத்தால் அரை நாளில் சொந்தமாகப் படம் எடுத்துவிடலாம். காலையிலோ மாலையிலோ போங்கள். சாய்ந்த வெயிலில்தான் செதுக்கல் எடுப்பாகத் தெரியும்.

பார்வை இல்லாத ஒருத்தர் என் நிகழ்ச்சியைத் தவறாம கேக்கறார். படம் போட்டா அவரை ஒதுக்கின மாதிரி ஆகாதா?

"திரையில் பாருங்கள், இப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தால் ஒதுக்கியதுதான். அவரை மட்டுமல்ல, வண்டி ஓட்டுகிறவரையும், படம் காட்டாத ஆப்பில் கேட்பவர்களையும் சேர்த்து. படம் வரும் இடத்தில் இரண்டு வாக்கியத்தில் அதைச் சொல்லிவிடுங்கள்: "வீரன் இடது கையில் வில், காலடியில் எழுத்து." படத்தை எடுத்துவிட்டாலும் பேச்சு முழுமையாக நிற்க வேண்டும். நான் ஒரு எபிசோடைச் சரிபார்க்கும்போது முதலில் திரையைக் கவிழ்த்து வைத்துக் கேட்பது இதற்காகத்தான்.

இன்னொன்று, சாப்டர் தலைப்புகளைத் திரைவாசிப்பான் படித்துக் காட்டும் என்பதால் அவருக்குத்தான் சாப்டரால் அதிகப் பயன். "படம் 1", "படம் 2" என்று வைத்து அதைக் கெடுக்காதீர்கள்.

நாங்க ஓசூர். கேக்கறவங்கள்ல பாதிப் பேர் வீட்டுல தெலுங்கு, கன்னடம். சாப்டரை ரெண்டு மொழியில வைக்க முடியுமா?

ஒரு சாப்டருக்கு ஒரு தலைப்புதான். கேட்பவரின் மொழியைப் பார்த்து மாறும் வசதி ஐடி3-இலும் இல்லை, ஜேசனிலும் இல்லை. இரண்டு மொழியையும் ஒரே தலைப்பில் சாய்கோடு போட்டு எழுதலாம் என்று தோன்றும். போன் திரையில் பாதியிலேயே வெட்டுப்பட்டு, இரண்டாவது மொழி யாருக்கும் தெரியாமல் போகும்.

பேச்சு எந்த மொழியோ தலைப்பும் அதே மொழி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பகுதியில் விருந்தினர் தெலுங்கில் பேசினால் அந்தச் சாப்டரின் தலைப்பு தெலுங்கில் இருக்கட்டும். யூனிகோடு என்பதால் ஒரே பட்டியலில் இரண்டும் பிரச்சினை இல்லாமல் வரும். படத்தின் மேல் பெயர் எழுதும்போது மட்டும் இரண்டு மொழியும் வைக்கலாம், எழுத்து பெரிதாக இருந்தால். பூ வியாபாரம் பற்றிய எபிசோடில் ரோஜா ரகங்களின் பெயரை அப்படிப் போட்டுப் பாருங்கள்.